அயலூரில் கேட்ட முழக்கம்

கோயில் மணியோசை கிட்டத்தில் பெரிதாகவும், போகப் போகச் சிறிதாகவும் கேட்கும். அடுத்த ஊரில் கேட்காத மணி அதற்கும் அப்பாலுள்ள ஊரில் கேட்டது என்றால் நம்புவோமா? ஆனால் அப்படியும் நடந்திருக்கிறது.

1921-ம் ஆண்டு செப்டம்பர் 21-ம் தேதி காலை. ஜெர்மனியில், ரைன் நதிக்கரையில் உள்ள ஓப்பாவ் என்னும் ஊர். அங்கே ஓர் உரத் தொழிற்சாலையின் கிடங்கில் சுமார் 4,500 டன் உரம் கல்லாக இறுகிக் கிடந்தது. அதைச் சிறு வெடி வைத்து உடைப்பது வழக்கம். ஆயிரக்கணக்கான தடவை ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்கு உரமே வெடித்துவிட்டது. ஐந்நூறு பேருக்கு மேல் மாண்டார்கள்.

சுமார் 300 கிலோமீட்டர் தூரத்தில் மியூனிச் நகரத்தார் அந்த முழக்கத்தைக் கேட்டார்கள். நடுவழியில் இருந்த பல ஊர்களிலோ நிசப்தம்!

மேலே செல்லச் செல்லக் காற்று குளிர்கிறது. குளிர்ந்த காற்றில் ஒலியின் வேகம் குறைகிறது. ஆகவே ஒலி வானை நோக்கி வளைந்து தரையை விட்டுப் போய்விடுகிறது. சரி, போனது திரும்பி வந்தது எப்படி? 1922-ல் எரிநட்சத்திரங்களை ஆராய்ந்த லிண்டமன், டாப்ஸன் இருவரும் மிக உயரத்தில் காற்று மறுபடி சூடாக இருக்கவேண்டும் என்றார்கள். அந்தச் சூடான அடுக்கே ஒலியைக் கீழே வளைத்து அனுப்புகிறது என்று 1923-ல் விப்பிள் சொன்னார். நாற்பது, ஐம்பது கிலோமீட்டர் ஏறி இறங்கும் அந்தப் பயணத்தில் கீச்சொலிகள் தேய்ந்து மடியும். அடித்தொண்டை முழக்கம் மட்டும் மிஞ்சும்.

1924-ல் பிரான்ஸில், லா கூர்த்தீன் என்ற இடத்தில், இதற்கென்றே வெடி வைத்துக் காதுகொடுத்துக் கேட்டார்கள். இந்தத் தடவை உயிர்ப்பலி கொடுக்காமலே வானம் பதில் சொல்லிற்று.