பழைய ஜப்பானிய வாள்கள்: அசலா, போலியா, யாருடையவை?

1945 டிசெம்பரில் டோக்கியோவின் மெஜிரோ பொலிஸ் நிலையத்தில் தொக்குகாவா இயேமாசா தன் குடும்பத்தின் வாள்களைக் கையளித்தார். ஜப்பான் சரணடைந்து நான்கு மாதமளவே ஆகியிருந்தது. கையளிக்கப்பட்டவற்றில் ஒன்று 'ஹொன்ஜோ மாசாமுனே'. ஜப்பானின் மிகப் பெரிய வாட்கொல்லராகக் கருதப்படும் மாசாமுனேயின் ஆக்கம் அது. தொக்குகாவா ஆட்சியாளர்களிடம் தலைமுறை தலைமுறையாக இருந்து வந்தது. 1939இல் அரசு அதைத் தேசியப் பொக்கிஷமாக அறிவித்திருந்தது. அடுத்த மாதம் ஓர் அமெரிக்கப் படைவீரர் வந்து வாள்களைப் பெற்றுச் சென்றார். பொலிஸ் பதிவில் எழுதப்பட்ட அவரது பெயருக்குப் பொருந்தும் ஒருவரை அமெரிக்கப் படைப் பதிவுகளில் கண்டுபிடிக்க முடியவில்லை. வாளும் இன்றுவரை கிடைக்கவில்லை.

பழைய ஜப்பானிய வாள்களைச் சேகரிப்போர் உலகெங்கும் இருக்கிறார்கள். ஏலங்களில் பெருந்தொகை கைமாறுகிறது. ஆனால் ஜப்பானுக்கு வெளியே இருக்கும் வாள்களில் பெரும்பகுதி எப்படி வெளியே வந்தது என்று கேட்டால், பதில் 1945இல்தான் போய் நிற்கும். ஒரே இரவில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்தவர்களுக்கும், திரும்பிப் போனபோது வீட்டில் ஒன்றும் மிஞ்சியிராதவர்களுக்கும் இந்தக் கதையை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

ஆயுதக் களைவு உத்தரவு எழுநூறு ஆண்டுப் பழமையான வாளையும் தொழிற்சாலையில் அடித்த இராணுவ வாளையும் வேறுபடுத்தவில்லை. எல்லாம் ஒரே குவியலில் விழுந்தன. பல உருக்கப்பட்டன, பல கடலில் கொட்டப்பட்டன, பல படைவீரர்களின் பைகளில் நினைவுப் பொருளாகப் போயின. வாள் அறிஞர் ஹொன்மா ஜுன்ஜி போன்றோர் அமெரிக்க அதிகாரிகளிடம் வாதாடி, கலைப்பெறுமதி உள்ள வாள்களுக்கு விலக்குப் பெற்றார்கள். டோக்கியோவின் அக்காபானே களஞ்சியத்தில் குவிந்து கிடந்தவற்றில் சுமார் 5,500 வாள்கள் இப்படித் தப்பின. உரிமையாளர் யாரென்று தெரியாமல் அவை அரை நூற்றாண்டு தேசிய அருங்காட்சியகத்தில் கிடந்தன. 1999இல் 3,000இற்கும் மேற்பட்டவை ஜப்பானின் பல்வேறு அருங்காட்சியகங்களுக்குப் பகிரப்பட்டன.

தென்கிழக்காசியாவில் கதை சற்று வேறு. அங்கு நேச நாட்டுப் படைகளுக்குத் தலைமை தாங்கியவர் மவுண்ட்பேட்டன். அவரது தலைமையகம் 1944 முதல் கண்டியில் இயங்கியது. ஜப்பானிய அதிகாரிகள் தம் வாள்களைப் பகிரங்கமாகக் கையளித்தே ஆகவேண்டும் என்பதில் அவர் பிடிவாதமாக இருந்தார். தோல்வியைத் தோற்றவர்களே உணர வேண்டும் என்பது நோக்கம். 1945 நவம்பரில் சைகோனில் ஜப்பானியத் தளபதி தெராவுச்சி அவரிடமே தன் வாள்களைக் கொடுத்தார்.

சரி, கையில் ஒரு வாள் வந்தால் அது எத்தகையது என்று எப்படி அறிவது? பளபளப்பைப் பார்த்து ஏமாறக்கூடாது. முதலில் பார்க்க வேண்டியது பிடிக்குள் மறைந்திருக்கும் அடித்தண்டை. ஜப்பானியர் இதை நாகாகோ என்பார்கள். மூங்கில் ஆணி ஒன்றைத் தட்டி எடுத்தால் பிடி கழன்றுவிடும். அடித்தண்டை எவரும் தீட்டுவதில்லை, எண்ணெய் பூசி மினுக்குவதுமில்லை. அதில் படியும் கறளின் நிறமும் ஆழமும்தான் வாளின் வயதைச் சொல்லும் முதற்சாட்சி. கறுத்து, வழுவழுப்பாக, சீராகப் படிந்த கறள் நூற்றாண்டுகளில் வருவது. செம்மஞ்சளாக உதிரும் கறள் அண்மைக்காலத்தது, அல்லது வேண்டுமென்றே வரவழைத்தது. படைவீரர்களின் பிள்ளைகள் பலர் மேல்மாடியில் கண்டெடுத்த வாளை உப்புத்தாளால் தேய்த்துத் 'துப்புரவாக்கி' இந்தச் சாட்சியையே அழித்திருக்கிறார்கள். வாளுக்குச் செய்யக்கூடிய மிகப் பெரிய கெடுதல் அதுதான்.

கொல்லர் தன் பெயரை வெட்டுவதும் அதே அடித்தண்டில்தான். ஆனால் பெயர் இருப்பது நிரூபணம் அல்ல. புகழ்பெற்ற கொல்லர்களின் பெயரைப் பொய்யாகப் பொறிப்பது பல நூற்றாண்டு வழக்கம். 17ஆம் நூற்றாண்டின் கொத்தெத்சுவின் பெயர் தாங்கியவற்றில் போலிகள் மலிந்து கிடக்கின்றன. மாசாமுனேயோ தன் வாள்களில் பெயர் பொறித்ததே மிக அரிது. ஆகவே 'மாசாமுனே' என்று தெளிவாக எழுதிய வாளைக் கண்டால் சந்தோஷப்படுவதைவிடச் சந்தேகப்படுவதே நல்லது. மறுபுறம், பெயரில்லாத வாள் மதிப்பற்றதும் அல்ல. நீண்ட பழைய வாள்களைப் பிற்காலத்தவர் தம் வசதிக்கு அடிப்பக்கமாக வெட்டிக் குறுக்கினார்கள். பெயர் அந்தத் துண்டோடு போய்விட்டது.

அடுத்தது அலகு. நம் கொல்லர்கள் கத்திக்குத் தோய்ச்சல் கொடுப்பது போலத்தான், ஆனால் அலகின் மேல் களிமண் பூசி, வெட்டும் ஓரத்தில் மட்டும் மெல்லிதாக விட்டு, சூடேற்றித் தண்ணீரில் அமிழ்த்துவார்கள். மெல்லிய பூச்சுள்ள ஓரம் விரைவாகக் குளிர்ந்து மிகக் கடினமாகிறது. முதுகு இளக்கமாக நிற்கிறது. இரண்டும் சந்திக்கும் இடத்தில் தோன்றும் வெண்மையான அலைக்கோடு ஹமோன். வெளிச்சத்துக்கு எதிரே சாய்த்துப் பார்த்தால் அதற்குள் நுண்மணிகள் பனித்துளி போல மின்னும். அமிலத்தால் வரைந்த போலிக் கோட்டில் இந்த ஆழம் இருக்காது. மடித்து மடித்து அடித்த உருக்கில் மரத்தின் வைரம் போன்ற இழையோட்டமும் தெரியும். வளைவு, முனையின் வடிவம், இழை, ஹமோன் ஆகியவற்றைக் கொண்டு, அடித்தண்டைத் துணியால் மறைத்துவிட்டு, காலத்தையும் பள்ளியையும் கொல்லரையும் சொல்லும் கலைக்கு 'கந்தெய்' என்று பெயர். ஹொன்னாமி குடும்பம் இதையே பரம்பரைத் தொழிலாகச் செய்தது.

போரில் எரிந்த வாள்களும் உண்டு. தீயில் கிடந்தால் தோய்ச்சல் போய்விடும். மீண்டும் கொடுத்தால் அது குறையுள்ள வாள் என்றே சேகரிப்போர் கணக்கில் எடுப்பார்கள். ஆனாலும் 1615இல் ஒசாக்கா கோட்டை வீழ்ந்தபோது எரிந்த 'இச்சிகோ ஹித்தோஃபுரி' மறுதோய்ச்சல் பெற்று, இன்று பேரரசக் குடும்பத்துச் சேகரிப்பின் வழிவந்த பொக்கிஷமாக இருக்கிறது.

சான்றிதழ் என்று வரும்போது 1948இல் உருவான ஜப்பானியக் கலைவாள் பாதுகாப்புச் சங்கத்தின் பத்திரங்களையே சந்தை நம்புகிறது. அங்கும் கவனம் தேவை. 1982இற்கு முன்னைய பழைய பத்திரங்கள் சில கேள்விக்குரியவை என்பதால், பெரிய பெயருள்ள வாள்களை மறுபரிசீலனைக்கு அனுப்பும்படி அனுபவசாலிகள் சொல்வார்கள்.

சரணடைந்த வாள்கள் சிலவற்றில் உரியவரின் பெயரும் முகவரியும் எழுதிய மரத்துண்டோ துணியோ இன்னும் தொங்கிக்கொண்டிருக்கும். என்றாவது திரும்பி வரும் என்ற நம்பிக்கையில் கட்டியது. அதைக் கழற்றி எறிந்துவிட்டு விற்பவர்களும் உண்டு, அதை வைத்துக் குடும்பத்தைத் தேடிப் போனவர்களும் உண்டு. என் பார்வையில் அந்தத் துண்டு எந்தச் சான்றிதழுக்கும் குறைந்ததல்ல.

ஆனால் திருப்பிக் கொடுப்பது இலகுவான காரியம் அல்ல. ஜப்பானுக்குள் நுழையும் வாளைச் சுங்கத்திலும் பொலிஸிலும் அறிவித்து, மாகாணக் கல்விச் சபையின் ஆய்வுக்குக் கொடுக்க வேண்டும். மரபுமுறையில் அடித்த கலைவாள் என்று தீர்மானித்தால் பதிவுச் சான்றிதழ் கிடைக்கும். போர்க்காலத் தொழிற்சாலை உருக்கில் செய்ததாக இருந்தால், ஒரு தகப்பன் கடைசியாக ஏந்தியதாகவே இருந்தாலும், பிள்ளைகள் அதை வீட்டில் வைத்திருக்கச் சட்டம் இடம் கொடுக்காது. வந்த வழியே அனுப்ப வேண்டும், அல்லது அழிக்கக் கொடுக்க வேண்டும்.