பாட்டாளி வீட்டுச் சொத்தும் ஒரு துண்டுத் தாளும்



தோட்டத்தில் வாழ்ந்த நம் முன்னோருக்கு உயில் என்ற பேச்சே எழுந்ததில்லை. குடியிருந்த லயமும் வெட்டிய கித்தா மரமும் கம்பெனியுடையவை. வேலை போனால் வீடும் போகும். பிள்ளைக்கு விட்டுச் செல்ல நகைநட்டும் ஆடுமாடும்தான் இருந்தன.

1951-இல் சேமநிதி வந்தது. வியர்வைக்கு ஒரு கணக்குப் புத்தகம் கிடைத்தது. 1950-களில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்றனர். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டாடினர். வேலையும் வீடும் இழந்தவர் பலர். அந்த வேளையில், 1960-இல், துன் வீ. தி. சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்தார். பால்வெட்டியவர்கள் சிறுகச் சிறுகப் பணம் கட்டிப் பங்குதாரர் ஆயினர். கெடாவின் புக்கிட் சிடிம் தோட்டமே சங்கம் முதலில் வாங்கியது.

ஆக, நமக்கும் சொத்து வந்துவிட்டது. 1990-களில் எழுந்த புக்கிட் செந்தோசா போன்ற புறநகர்களில் சொந்த வீடும் வந்தது. அது யாரைச் சேரும்?

இஸ்லாமியர் அல்லாதவர் உயில் எழுதாமல் இறந்தால், தீபகற்பத்தில் 1958-ஆம் ஆண்டுப் பங்கீட்டுச் சட்டம் பேசும். 1997-இல் அது திருத்தப்பட்டது. மனைவி, பிள்ளைகள், பெற்றோர் மூவரும் இருந்தால், மனைவிக்கு நான்கில் ஒன்று, பெற்றோருக்கு நான்கில் ஒன்று, பிள்ளைகளுக்குப் பாதி. பெற்றோர் இல்லாவிடில் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி பிள்ளைகளுக்கு.

ஆனால் மனைவி என்று யாரைச் சட்டம் ஏற்கும்? கோயிலில் தாலி கட்டினால் போதும் என்ற நிலை 1982 மார்ச் 1-ஆம் நாளோடு முடிந்தது. அதற்கு முன் வழக்கப்படி நடந்த மணங்கள் செல்லும். பின் நடந்தவை முறையாகப் பதியப்பட வேண்டும். பதியாவிட்டால், முப்பது ஆண்டு குடும்பம் நடத்தியவளும் பங்கு கேட்க முடியாமல் நிற்க நேரும். தகப்பன் சொத்தில் பிள்ளைகளின் உரிமையும் ஆட்டம் காணும்.

ஆகவே தாய்மார்களே, பெரியோர்களே, மூன்று காரியங்களைத் தள்ளிப்போடாதீர்கள். திருமணத்தைப் பதியுங்கள். சேமநிதியில் வாரிசின் பெயரைக் கொடுங்கள். பதினெட்டு வயது நிரம்பியவர் உயில் எழுதலாம். இரு சாட்சிகள் ஒருங்கே இருக்க அவர்கள் முன் கையொப்பமிடுங்கள். சொத்துப் பெறுபவரோ அவருடைய கணவன் மனைவியோ சாட்சியானால் அவர் பங்கு போய்விடும். மணத்துக்கு முன் எழுதிய உயில் பொதுவாக மணத்தோடு செல்லாமற்போகும், புதிதாக எழுதுங்கள்.

உயில் எழுதினால் ஆயுசு குறையும் என்பார்கள். குறைவது பிள்ளைகளின் சண்டைதான்.