இணுவில்: கழிவுநீர் அகற்றல்
யாழ்ப்பாணக் குடாநாட்டில் காங்கேசன்துறை வீதியோரம் அமைந்த இணுவிலில், கொழும்பில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இடப்பட்டது போன்ற நிலக்கீழ்க் கழிவுநீர்க் குழாய்த் தொகுதி இல்லாமையால், வளவுதோறும் உள்ள மலக்குழியே அவ்வேலையைச் செய்கிறது. வெடிப்புகளும் பொந்துகளும் நிறைந்த சுண்ணாம்புக்கல்லின்மீது செம்மண் மெல்லிதாகவே படிந்திருப்பதால், அடி பூசப்படாத பழைய குழியின் கசிவு போதிய வடிகட்டலின்றி நிலத்தடி நீரை அடைந்து, கிணற்றில் மலக்கிருமிகளையும் நைத்திரேற்று எனும் நைதரசன் உப்பையும் கூட்டுகிறது. தோட்டங்களில் இடப்படும் உரமும் அதே உப்பைச் சேர்ப்பதால், பழியைக் குழியின்மேல் மட்டும் போடுவது நியாயமன்று. திருத்தம் என்பது, குழியைச் சீமெந்து பூசிய ஈரறைத் தொட்டியாக்கி, தெளிந்த நீரை ஊறுகுழிக்கு விட்டு, படிந்த சேற்றைக் கலிபவுசர் எனப்படும் உறிஞ்சுவண்டியால் 3 முதல் 5 ஆண்டுக்கொருமுறை அகற்றுவதாகும். காணி துண்டுபட்டு அயல்வளவுக் கிணறு மதிலோரமே இருக்குமிடத்தில் இதன் பயன் குறைவே.