சீன இணைய வழக்கில் மறைசொற்களின் தோற்றம்

இணையத்தில் வழங்கும் மறைசொற்களையும் திரித்தெழுதும் முறையையும் மொழிச்சிதைவு எனக் கருதுவோர் உளர். சீனமொழியில் இவை தோன்றிய வரலாறு இக்கருத்துக்கு இடந்தரவில்லை. அங்குப் பல மறைசொற்கள் தணிக்கையின் விளைவாகப் பிறந்தன. அவற்றின் வடிவத்தை மொழியமைப்பும் எழுத்துமுறையும் வரையறுத்தன.

2004ஆம் ஆண்டில் சீனப் பொதுவுடைமைக் கட்சி ‘இணக்கமான சமுதாயம்’ என்னும் கொள்கையை முன்வைத்தது. பின்னர் இணையத்தில் கருத்துகள் நீக்கப்பட்டபோது அவை ‘இணக்கமாக்கப்பட்டன’ என மக்கள் எள்ளலாகக் குறிப்பிட்டனர். அச்சொல்லும் கண்காணிப்புக்கு உள்ளாகவே, ‘ஆற்று நண்டு’ எனப் பொருள்படும் சொல் அதனிடத்தைப் பெற்றது. இரண்டு சொற்களும் ‘ஹசியே’ என்பதையொட்டி ஒலிப்பன. இரண்டாம் அசையின் தொனி மட்டுமே வேறுபடும்.

மாண்டரின் சீனத்தில் தொனியை விடுத்துக் கணக்கிடின் ஏறத்தாழ 400 அசைகளே உள. ஆதலின் ஒலியொப்புச் சொற்கள் மிகுதி. ரோமன் எழுத்துகளில் ஒலிப்பைத் தட்டச்சிட்டு, திரையில் தோன்றும் சீன எழுத்துகளுள் வேண்டியதைத் தெரிவுசெய்யும் முறையும் இத்தகைய மாற்றத்தை எளிதாக்கிற்று. 2018இல் ‘மீ டூ’ இயக்கம் தணிக்கைக்கு உள்ளானபோது, ‘அரிசி முயல்’ எனப் பொருள்படும் ‘மி து’ வழக்கிற்கு வந்ததும் இவ்வகையினதே.

எழுத்தின் வடிவமும் இதற்குப் பயன்பட்டது. சுதந்திரத்தைக் குறிக்கும் இரண்டு எழுத்துகளின் உச்சிக்கோடுகளை நீக்கினால், ‘கண்’, ‘வயல்’ என்னும் இரண்டு எழுத்துகள் எஞ்சும். தலையிழந்த சுதந்திரம் என இதனைப் படிப்போர் உணர்ந்துகொள்வர். 1989 ஜூன் 4ஆம் நாள் தியானன்மென் நிகழ்வைச் சுட்டும் ‘மே 35’ என்பதோ நாட்காட்டிக் கணக்கால் அமைந்தது. 31 நாள்கள் கொண்ட மே மாதத்தின் முடிவிலிருந்து மேலும் நான்கு நாள்கள் எண்ணப்படுகின்றன.

மொழிபெயர்ப்பில் இம்மூன்றும் ஒரே தன்மையன அல்ல. ‘மே 35’ எம்மொழியிலும் சிதையாது செல்லும். ‘ஆற்று நண்டு’ எனத் தமிழில் எழுதினால் ஒலித்தொடர்பு அறுபடும். ‘இணக்கம்’ என எழுதினாலோ மறைக்க நேர்ந்த நிலையே மறைந்துபோகும். அடிக்குறிப்பு பொருளை உணர்த்தும். எனினும், படிப்போர் தாமே கண்டறிய வேண்டியதை அது முன்னரே வெளிப்படுத்திவிடும்.

நீக்கப்பட்ட சொல் நினைவில் உள்ளவரையே மறைசொல்லுக்குப் பொருள் உண்டு. ஆகவே, அகராதி தொகுப்போர் பொருளுடன், அது எச்சொல்லுக்கு மாற்றாக, எந்நிலையில் பிறந்தது என்பதையும் பதிவுசெய்தல் இன்றியமையாதது. அப்பதிவு இல்லாவிடின், ஆற்று நண்டு வருங்கால ஆய்வாளருக்கு வெறும் நண்டாகவே தோன்றும்.