மனைக்காகச் சேர்ந்த வேதம்

எங்கள் பக்கத்தில் யாரும் 'மதம் மாறினோம்' என்று சொல்வதில்லை. 'வேதத்துல சேந்தோம்' என்பார்கள். ஸ்ரீபெரும்புதூருக்கும் சிங்கப்பெருமாள்கோயிலுக்கும் நடுவே, ஒரகடத்தை ஒட்டிய சேரிகளில் பழைய ஆட்களைக் கேட்டால் இந்தச் சொல்தான் வரும். என் பாட்டி அதற்கு மேலும் ஒன்று சொல்வாள்: "எங்கம்மா காலத்துல, வேதத்துல சேந்தா மனை கெடைக்கும்னாங்க. சேந்தாங்க. சாமி அப்புறந்தான் வந்தாரு."

விடுதியில் தங்கிப் படித்த நாட்களில் இது எனக்குப் பெரிய வெட்கம். 'அரிசிக் கிறிஸ்தவன்', 'பால்பவுடர் கிறிஸ்தவன்' என்று கேலி பேசியவர்களிடம், இல்லை, நாங்கள் நிஜமாகவே விசுவசித்து வந்தவர்கள் என்று சாதித்துக்கொண்டிருந்தேன். பாட்டி சொன்னதை மறைத்தேன். எவ்வளவு முட்டாள்தனம்!

மனை என்றால் என்ன என்று தெரிந்தால்தான் பாட்டி பேச்சின் கனம் புரியும். 1891இல் செங்கல்பட்டு கலெக்டராக இருந்த திரமென்ஹீர், மாவட்டத்துப் பறையர்களின் நிலை பற்றி அரசுக்கு எழுதிய குறிப்பில் இது வருகிறது. குடிசை நிற்கும் இடம் மிராசுதாருக்குச் சொந்தம். கூலி கூடக் கேட்டால், வேறு பண்ணைக்குப் போக நினைத்தால், 'குடிசயப் பிரிச்சிக்கிட்டுப் போடா' என்ற ஒரு வார்த்தை போதும். சரி, தரிசுக்குத் தர்க்காஸ்து போடலாம் என்றால் அதிலும் மிராசுதாருக்கே முன்னுரிமை. ஆளையே அடகு வைத்த பத்திரங்களையும் திரமென்ஹீர் எடுத்துக் காட்டினார். அடிமை உரிமையைக் கோர்ட்டுகள் ஏற்கக் கூடாது என்ற சட்டம் 1843லேயே வந்தாயிற்று. நம்ம சேரிக்கு அது வந்து சேரவில்லை.

அதே 1843இல் ஸ்காத்லாந்தில் ஒன்று நடந்தது. ஊர்க் கோயிலுக்குப் போதகரை நியமிக்கும் உரிமை அங்கே நிலச்சுவான்தார்களிடம் இருந்தது. அதை எதிர்த்து 450க்கும் மேற்பட்ட போதகர்கள் அரசுத் திருச்சபையை விட்டு வெளியேறினார்கள். கோயில், குடியிருந்த வீடு, சம்பளம் எல்லாம் போயிற்று. 'சுதந்திரத் திருச்சபை' என்று புதிதாக ஆரம்பித்தார்கள். கோயில் கட்ட இடம் வேண்டுமே? பல ஊர்களில் நிலச்சுவான்தார்கள் ஒரு சாண் இடம் தர மறுத்துவிட்டார்கள். ஜனங்கள் பாதையோரத்தில், மழையிலும் பனியிலும் நின்று ஆராதித்தார்கள். ஸ்ட்ரான்ஷியன் என்ற ஊரில், தரையில் இடமில்லாததால் 1846இல் இரும்பில் ஒரு மிதக்கும் கோயிலைச் செய்து கடற்கழியில் நங்கூரம் போட்டு நிறுத்தினார்கள். 1847இல் பார்லிமெண்டே இதை விசாரிக்கக் கமிட்டி போடவேண்டி வந்தது.

செங்கல்பட்டுக்கு மிஷன் அனுப்பியது அந்தத் திருச்சபைதான். மனை மறுக்கப்பட்ட சபை, மனை மறுக்கப்பட்ட சேரிக்கு வந்து சேர்ந்தது. அதன் மிஷனரி ஆடம் ஆண்ட்ரூ சேரி ஜனங்களுக்காகத் தரிசு நிலம் கேட்டு அரசாங்கத்தோடு மல்லுக்கட்டினார். கிடைத்த நிலத்தில் குடியேற்றங்களை உண்டாக்கினார். சிங்கப்பெருமாள்கோயில் அருகே மெல்ரோசாபுரம் அப்படி வந்தது. மெல்ரோஸ் ஸ்காத்லாந்தில் ஒரு ஊர்; நம்ம ஆட்கள் வாயில் அது மல்ரோசாபுரம் ஆகிவிட்டது. சொந்த சபையின் பழைய கதை ஆண்ட்ரூவின் மனதில் இருந்ததா என்று நான் ஊகிக்கப் போவதில்லை.

ஆனால் இதைத் துரைமார் போட்ட பிச்சையாக எழுதிவைப்பதை ஒத்துக்கொள்ள முடியாது. முதலில் கேட்டது சேரி. ரூபா விஸ்வநாத் 2014இல் வெளியிட்ட ஆய்வு நூலைப் படித்தால் தெரியும்: கூட்டங்கூட்டமாக வந்து நின்ற ஜனங்களைப் பார்த்து மிஷனரிகளுக்குச் சந்தேகமே வந்தது. வயிற்றுக்காக வருகிறார்களா, ஆத்துமாவுக்காக வருகிறார்களா என்று தோண்டிப் பார்த்தார்கள். அந்த நாளில்தான் இதே ஜில்லாவின் கோழியாளத்தில் பிறந்த இரட்டைமலை சீனிவாசன் 1891இல் பறையர் மகாஜன சபையைத் தொடங்குகிறார். 1893இல் 'பறையன்' பத்திரிகை வருகிறது. அயோத்திதாசரும் தரிசு நிலம் கேட்டுக்கொண்டிருந்தார். இத்தனை பேர் முட்டிய பிறகு 1892 செப்டம்பர் 30ஆம் தேதி 1010ஆம் எண் அரசாணை வந்தது. பஞ்சமி நிலம் என்று நாம் சொல்வது இதில் பிறந்ததுதான். பத்து வருஷம் யாருக்கும் விற்கக்கூடாது, அப்புறமும் தாழ்த்தப்பட்டவர்களுக்கு மட்டுமே விற்கலாம் என்பது நிபந்தனை. அந்த நிபந்தனை பட்ட பாடு ஊரறிந்தது.

1950இல் வந்த ஜனாதிபதி ஆணை, இந்து அல்லாதவர் தாழ்த்தப்பட்டவர் ஆகமாட்டார் என்றது. 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் கதவு திறந்தது. கிறிஸ்தவ தலித்துக்குத் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் அவன் பிற்படுத்தப்பட்டவன். 2023 ஏப்ரலில் சட்டமன்றம் தீர்மானம் போட்டும் ஆணை மாறவில்லை. ஆகவே எங்களில் பலருக்கு ரெண்டு பேர். கோயில் ரிஜிஸ்டரில் ஒன்று, தாலுகா ஆபீசில் ஒன்று. எனக்குச் சான்றிதழ் வாங்கப் போன இடத்தில் ஒரு அதிகாரி என் அம்மாவைக் கேட்டார்: "ஞாயித்துக்கெழமல எங்கம்மா போவீங்க?" அம்மா பதில் சொன்னாள்: "களையெடுக்கப் போவேன் சார்." அது பொய்யில்லை. ஆராதனை முடிந்ததும் போவாள்.

2024 நவம்பரில், புதுச்சேரிப் பெண் ஒருவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம், உண்மையான நம்பிக்கையில்லாமல் இடஒதுக்கீட்டுக்காக மட்டும் மதம் மாறுவது அரசியல் சட்டத்தின்மேல் செய்யும் மோசடி என்றது. வயிறா, ஆத்துமாவா? நூறு வருஷத்துக்கு முன் மிஷனரி கேட்ட அதே கேள்விதான், இப்போது எதிர்த்திசையிலிருந்து. ராமானுஜர் பிறந்த ஸ்ரீபெரும்புதூரில் பெருமாளைச் சேவிக்கிறவன் எதற்காகச் சேவிக்கிறான் என்று எந்தக் கோர்ட்டாவது கேட்டதுண்டா? மனை கேட்பதும் விசுவாசமும் வேறு வேறு என்று எங்கள் பாட்டிமாருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நிற்க இடம் கொடுத்தவரைத்தான் அவர்கள் சாமி என்றார்கள்.

காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கக் கிளம்பிய போராட்டத்தில், 1994 அக்டோபர் 10 அன்று செங்கல்பட்டில் போலீஸ் சுட்டதில் ரெண்டு பேர் செத்தார்கள். ஜான் தாமஸ், ஏழுமலை. ஒரு பேர் வேதப்பேர், ஒரு பேர் பெருமாள் பேர். நிலத்தைக் கேட்ட அன்றைக்கு அந்த வித்தியாசம் யாருக்கும் தேவைப்படவில்லை, சுட்டவனுக்கும்கூட.

அதற்கு ரெண்டு வருஷம் கழித்து இருங்காட்டுக்கோட்டையில் கார் கம்பெனி வேலை ஆரம்பித்தது. 2010க்குள் ஒரகடமும் கம்பெனிக்காடாகிவிட்டது. எங்கள் சபையில் அறுப்பின் பண்டிகை இன்னும் நடக்கிறது. நெல் கொண்டுவர வயல்தான் இல்லை. நைட் ஷிப்டு முடித்துக் கம்பெனி பஸ்ஸில் வந்திறங்கும் காண்ட்ராக்ட் பிள்ளைகள், கடையில் வாங்கிய பூசணிக்காயைப் பீடத்துக்கு முன்னால் வைத்துவிட்டு, தூக்கக் கலக்கத்தோடு ஏலத்துக்குக் காத்திருக்கிறார்கள். போன வருஷம் ஒரு காய் நானூறு ரூபாய்க்குப் போயிற்று.