அக்னிக் கன்னிகளும் ஆன்டனியின் உயிலும்

கி.மு. 44, மார்ச் 15. ஜூலியஸ் சீஸரைக் குத்திக் கொன்றாகிவிட்டது. 'சர்வாதிகாரி ஒழிந்தான், ஜனங்கள் நம்மைக் கொண்டாடப் போகிறார்கள்' என்று புரூட்டஸ் கோஷ்டி கணக்குப் போட்டது. அந்தக் கணக்கில் ஒரே ஒரு ஐட்டம் விட்டுப்போச்சு - சீஸரின் உயில்!

ஆறு மாதம் முன்பே சீஸர் அதை எழுதி, பத்திரமான இடத்தில் கொடுத்து வைத்திருந்தார். நண்பர்களிடமா? அவர்கள் லட்சணம்தான் தெரிந்ததாயிற்றே! கொடுத்தது, வெஸ்டா கோயிலின் தலைமைக் கன்னியிடம்.

யார் இந்தக் கன்னிகள்? மொத்தம் ஆறு பேர். ஆறிலிருந்து பத்து வயசுக்குள் தேர்ந்தெடுத்துவிடுவார்கள். முப்பது வருஷ சர்வீஸ். கல்யாணம் கூடாது. ரோமின் புனித அக்னி அணையாமல் பார்த்துக்கொள்வதுதான் முதல் வேலை. அணைந்தால் சவுக்கடி! ஆனால், மரியாதைக்குக் குறைச்சலே இல்லை. அவர்கள் மேல் கை வைக்க எவனுக்கும் துணிச்சல் வராது. அதனாலேயே பெரிய மனிதர்கள் தங்கள் உயில்களையும் முக்கியப் பத்திரங்களையும் இவர்களிடம் ஒப்படைத்தார்கள். பூட்டை நம்பி அல்ல, அந்தப் பயபக்தியை நம்பி!

சீஸரின் உயில் மார்க் ஆன்டனி வீட்டில் பிரித்துப் படிக்கப்பட்டது. ஒவ்வொரு ரோமானியக் குடிமகனுக்கும் தலைக்கு 300 செஸ்டர்ஸ். டைபர் நதிக்கரைத் தோட்டங்கள் பொதுமக்களுக்கு. சொத்தில் முக்கால் பங்கு, சகோதரியின் பேரன் ஆக்டேவியனுக்கு. இன்னொரு கொடுமை... முதல் வாரிசுகள் இல்லாமல் போனால் அடுத்து வரவேண்டியவர்கள் பட்டியலில், கத்தியோடு வந்த டெசிமஸ் புரூட்டஸின் பெயரும் இருந்தது! ஊர் கொதித்தது. கொலைகாரர்கள் வீடுகளை நோக்கி ஜனங்கள் தீப்பந்தத்தோடு ஓடினார்கள்.

ஓர் உயிலுக்கு எவ்வளவு சக்தி என்று ஆக்டேவியன் அன்றைக்கே புரிந்துகொண்டிருக்க வேண்டும்.

பன்னிரண்டு வருஷம் கழித்து, கி.மு. 32. ஆன்டனியும் ஆக்டேவியனும் இப்போது ஜென்ம விரோதிகள். ஆன்டனி கிழக்கே, கிளியோபாட்ராவோடு. அவரிடமிருந்து கட்சி மாறி வந்த பிளாங்கஸ், டைட்டியஸ் என்ற இருவர் ஆக்டேவியன் காதில் ஒரு ரகசியத்தைப் போட்டார்கள். 'ஆன்டனியின் உயில் வெஸ்டா கன்னிகளிடம் இருக்கிறது.'

ஆக்டேவியன் கேட்டார். 'தரமாட்டோம். வேண்டுமானால் நீயே வந்து எடுத்துக்கொள்' என்றார்கள் கன்னிகள். அவர் நிஜமாகவே போய் எடுத்துக்கொண்டார்! தனியாக உட்கார்ந்து படித்து, தேவையான இடங்களைக் குறித்துக்கொண்டு, செனட்டில் வாசித்தார். 'ரோமில் செத்தாலும் என் உடலை அலெக்சாண்டிரியாவுக்கு, கிளியோபாட்ராவிடம் அனுப்ப வேண்டும்' என்று அதில் இருந்ததாம். உயிரோடு இருப்பவனின் உயிலைப் பிரிப்பது என்ன நியாயம் என்று செனட்டர்கள் பலர் முகம் சுளித்தார்கள். ஆனாலும் வேலை முடிந்துவிட்டது. போர் அறிவிப்பு, ஆக்டியம், ஆன்டனியின் முடிவு... எல்லாம் இரண்டே வருஷத்தில்! படித்ததெல்லாம் நிஜமாகவே உயிலில் இருந்ததா, ஆக்டேவியன் சரக்கா? சரித்திர ஆசிரியர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள்.

அந்த ஆக்டேவியன்தான் பிறகு சக்ரவர்த்தி அகஸ்டஸ். கி.பி. 13-ல் அவரும் உயில் எழுதினார். எங்கே கொடுத்து வைத்தார் தெரியுமா? அதே வெஸ்டா கன்னிகளிடம்! அடுத்த வருஷம் அவர் இறந்ததும், அவர்கள் அதைப் பத்திரமாகக் கொண்டுவந்து கொடுத்தார்கள்.

நம் ஊரில் அந்தக் கன்னிகளின் வேலை மாவட்டப் பதிவாளருக்கு! 1908-ம் வருஷத்துப் பதிவுச் சட்டப்படி, உயிலைப் பதிவு செய்யாமலே, உறையிலிட்டு சீல் வைத்து அவரிடம் ஒப்படைக்கலாம். தீப்பிடிக்காத பெட்டியில் அவர் அதைப் பாதுகாக்க வேண்டும். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவரோ, அவர் அதிகாரம் கொடுத்த ஏஜென்ட்டோதான் திரும்ப வாங்க முடியும். காலமான பிறகு யாராவது மனு போட்டால், அவர் முன்னிலையில் உறையைப் பிரித்து, நகலைப் பதிவேட்டில் ஏற்றுவார்கள்.

பெட்டி தீயைத் தாங்கும். ஆக்டேவியன்களைத் தாங்குவதற்கு, 'தரமாட்டேன்' என்று சொல்கிற ஆள் வேண்டும். அந்த ஆளையும் மீறி ஒருவன் உள்ளே நுழைந்தால், தட்டிக்கேட்க ஒரு ஊரும் வேண்டும். ரோமில் முதலாவது இருந்தது!