சுட்டும் கையும் கட்டுப்பட்ட கையும்

ஹாங்காங்கில் நாளும் காதில் விழும் கான்டனீஸ் மரபுத்தொடர் ஒன்றைப் பற்றி எழுதப் புகுகிறேன். ‘ச்சி சௌ வாக் கேர்க்’: கையால் சுட்டி, காலால் கோடிழுப்பது. தாம் தோள் கொடுக்காமல் பிறரை ஏவுவோரைக் குத்தும் தொடர் இது.

ஏவுதல் என்பதே சீன மரபில் இழிவன்று. ஹான் பேரரசர் வென்னுக்கு ஜியா யீ எழுதிய விண்ணப்பத்தில், தாடையசைவாலேயே எண்ணியதை முடிக்கும் ஆற்றல் அரசனின் வலிமையாகவே பேசப்படுகிறது. ஆனால் கன்பூசியஸ் பெருமான் அவ்வலிமைக்கு அடிப்படை கேட்கிறார். ஆள்பவன் நேர்மையாளனாயின் ஆணையின்றியே காரியம் நடக்கும். அல்லனாயின் ஆணையிட்டும் நடவாது என்பது ‘லுன் யூ’ உரைத்தொகுப்பின் 13ஆம் இயலில் அவர் அருளியது.

அவ்வுரைக்கு நான் கண்ட மிகச்சிறந்த விளக்கம், நம் மரபுத்தொடரே இடம்பெறும் ‘நீர்க்கரை’ என்னும் சீன நாவலின் 75ஆம் அத்தியாயம். லியாங்ஷான் சதுப்புநிலக் கலகக்காரர்களுக்குப் பொதுமன்னிப்பு வழங்கும் அரசாணையோடு சென் சோங்ஷான் வருகிறார். அமைச்சர் சாய் ஜிங்கும் தளபதி காவ் சியூவும் ஆளுக்கொரு பணியாளரை அவருடன் அனுப்பியிருக்கிறார்கள். கலகத் தலைவன் சோங் ஜியாங் பணிந்து வரவேற்க, அவ்விரு பணியாளர்களும் அவன் முன்னிலையில் கையையும் காலையும் ஆட்டி அதிகாரம் செய்கிறார்கள். பதவியோ சிறிது, ஆட்டமோ பெரிது! பின்னர் கலகக்காரர்களுள் ஒருவனான லீ குய் உத்தரத்திலிருந்து குதித்து அரசாணையைக் கிழித்தெறிகிறான். சமாதானம் முறிந்து போர் மூள்கிறது.

ஆயினும் என் நெஞ்சைவிட்டு அகலாதவர்கள் அங்கு நின்ற கலகப்படையினர்தாம். அந்த இருவரையும் வெட்டிப்போட அவர்களுக்கு மனம் துடிக்கிறது. சோங் ஜியாங் தடுத்து ஒரு சொல்லும் சொல்லவில்லை. அவன் அங்கு நிற்கிறான் என்பதற்காகவே ஒருவரும் கை வைக்கவில்லை.